ரப்பர் மறக்காத நேற்று

ஒரகடத்தில் உருவாகி ஏற்றுமதிக்குக் கிளம்பும் கார் டிரெய்லரில் ஏறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போகிறது. அங்கே முற்றத்தில் சில நாள் காத்திருக்கிறது. பிறகு கப்பலில் வாரக்கணக்கில் நின்று, வேறொரு கண்டத்தில் இறங்குகிறது. இத்தனை நாளும் அதன் நான்கு டயர்களும் ஒரே இடத்தில் தரையை அழுத்தியபடி இருக்கின்றன. இறங்கிய ஊரில் வண்டியை எடுத்தால், முதல் சில கிலோமீட்டருக்கு ‘தடக் தடக்’ என்று ஓர் அதிர்வு ஸ்டீயரிங் வரை ஏறக்கூடும். டயர் சூடானதும் அந்த அதிர்வு குறைந்து மறைந்துவிடும். டயர்த் தொழிலில் இருப்பவர்கள் இதை ஃபிளாட் ஸ்பாட் என்பார்கள். ஓட்டி முடித்த சூட்டோடு வண்டி நிறுத்தப்படும்போது, தரையைத் தொடும் பகுதி தட்டையாகிறது. ரப்பரும் உள்ளிருக்கும் நைலான் இழையும் அந்தத் தட்டை வடிவத்திலேயே குளிர்கின்றன. சுமை விலகிய பிறகும் அந்த வடிவம் உடனே போவதில்லை.

பள்ளியில் படித்த ஹூக் விதியால் இதை விளக்க முடியாது. அந்த விதிப்படி, ஒரு பொருளின் தகைவு இந்த நொடியில் அதற்குள்ள திரிபை மட்டும் பொறுத்தது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், அதோடு சரி. டயரோ, நேற்றும் முந்தாநாளும் தனக்கு நடந்ததைச் சேர்த்துத்தான் இன்று எப்படி நடந்துகொள்வது என்று தீர்மானிக்கிறது. இப்படிப்பட்டவற்றை அறிவியலில் நினைவுள்ள பொருட்கள் என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையின் இருபுறமும் உள்ள தொழிற்சாலைகள் இவற்றை டன் கணக்கில் தயாரிக்கின்றன, பொருத்துகின்றன, சோதிக்கின்றன. ஒரகடத்தில் அப்பல்லோ டயர்ஸ், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. டயர், சியட். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இவற்றில் பொருத்தப்படும் இன்ஜின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், கதவோர ரப்பர் பீடிங், முன்கண்ணாடியின் இரு தாள்களுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலம் எல்லாமே நினைவு உள்ளவை. செயின்ட் கோபேன் 2000-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் தயாரித்துவரும் கண்ணாடிக்கும் நினைவு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நினைவை முதலில் கவனமாக அளந்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் வேபர். காந்தக் கருவிகளைத் தொங்கவிடப் பயன்படும் பட்டு இழைகளை 1835-இல் ஆராய்ந்தபோது, எடையைத் தொங்கவிட்டதும் இழை சட்டென நீண்டு, பிறகும் மெதுவாக நீண்டுகொண்டே போவதைப் பார்த்தார். எடையை எடுத்தால் சட்டெனச் சுருங்கி, மீதியை நிதானமாகச் சுருங்கியது. இதற்குக் கணித வடிவம் தந்தவர் லுட்விக் போல்ட்ஸ்மான், 1874-இல். அவர் சொன்னது மிக எளிமையானது. கடந்த காலத்தின் ஒவ்வொரு நொடியிலும் பொருளுக்கு நேர்ந்த சிறு திரிபு மாற்றத்தை எடுத்துக்கொள். அது நடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்து அதற்கு ஓர் எடை கொடு. பழையதற்குக் குறைந்த எடை, புதியதற்கு அதிக எடை. எல்லாவற்றையும் கூட்டினால் இன்றைய தகைவு கிடைக்கும். அந்த எடையைத் தரும் வளைகோட்டை இந்தக் கட்டுரையில் நினைவுச் சார்பு என்று அழைக்கிறேன்.

‘எல்லாவற்றையும் கூட்டு’ என்பது தொகையீடு. அதே பொருள் அசைகிறது என்றால் நியூட்டனின் விதி வழியாக முடுக்கம் வரும். அது வகைக்கெழு. இரண்டும் ஒரே சமன்பாட்டில் அமர்ந்தால் அது தொகையீட்டு–வகையீட்டுச் சமன்பாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் வீட்டோ வோல்ட்டெரா இவற்றுக்கு முறையான கோட்பாட்டை எழுப்பினார். பொருளின் கடந்தகாலத்தை அவர் மரபுரிமை என்றே எண்ணினார். 1931-இல் முசோலினி அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்துப் பேராசிரியர் பதவியை இழந்த சிலரில் அவரும் ஒருவர். அவர் கணிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மறுப்பும் நினைவுக்கு வரும்.

நினைவுச் சார்பு கையில் இருந்தால் மற்றது கணினி வேலை. டயர் எப்படி உருளும், எவ்வளவு சூடாகும், மவுண்ட் எவ்வளவு அதிர்வை விழுங்கும் என்றெல்லாம் கணக்கிட்டுவிடலாம். இது நேர்க் கணக்கு. ஆனால் நினைவுச் சார்பை எந்த ரப்பரும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக் அல்லது சிலிக்கா, கந்தகம், எண்ணெய் என்று பல பொருட்களைக் கலந்து செய்த காம்பவுண்ட் அது. கலவை கொஞ்சம் மாறினால் நினைவும் மாறும். எனவே பொருள் காட்டும் நடத்தையை அளந்து, அதிலிருந்து நினைவுச் சார்பைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். இது தலைகீழ்க் கணக்கு. சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ரப்பர்த் துண்டைச் சட்டென்று இழுத்து, அதே நீளத்தில் பிடித்து வை. விசை மெல்ல மெல்லத் தளரும். அந்தத் தளர்வு வளைகோடே நினைவுச் சார்பு. போல்ட்ஸ்மானின் சமன்பாடும் அதைத்தான் சொல்கிறது, ‘சட்டென்று’ என்பது உண்மையாகவே பூஜ்ய நேரமாக இருந்தால். எந்த இயந்திரமும் பூஜ்ய நேரத்தில் இழுக்காது. இழுக்க கால் நொடி எடுத்தால், அந்தக் கால் நொடிக்குள்ளேயே ரப்பர் மறக்கத் தொடங்கிவிடுகிறது. அளக்கும் இடத்தில் நீண்டகாலமாக உள்ள வழக்கம், இழுக்க எடுத்த நேரத்தைப் போலப் பத்து மடங்கு கழிந்த பிறகு வரும் அளவுகளை மட்டும் நம்புவது. கால் நொடி என்றால் முதல் இரண்டரை நொடி கணக்கில் சேராது. ஓடும் டயருக்கோ அந்த முதல் இரண்டரை நொடிதான் மிக முக்கியம். கார் டயரின் சுற்றளவைச் சுமார் 2 மீட்டர் என்று வைத்தால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நசுங்கி மீள்கிறது. டயருக்கு வேண்டிய நினைவு, பத்தில் ஒரு நொடிக்கும் கீழே நடப்பது.

இழுக்கும் நேரத்தின் பாதிப்பைக் கணக்கால் நீக்கிவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் அதற்கு அளவீட்டை வகையிட வேண்டும். விசையை அளக்கும் கருவி 0.1 நியூட்டன் கூடக் குறையக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் 0.2 நியூட்டன் வரை பிழை வரலாம். அதை நேரத்தால் வகுத்தால் சரிவில் நொடிக்கு 20 நியூட்டன் பிழை. இன்னும் நெருக்கமாக, ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை அளந்தால், பிழை நொடிக்கு 200 நியூட்டன் ஆகிவிடும். அதிகமாக அளக்க அளக்க விடை மோசமாகிறது! கருவியில் எந்தக் கோளாறும் இல்லை, அளப்பவரிடமும் தவறில்லை. கேட்கப்பட்ட கேள்வியின் இயல்பு அது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக் ஹதமார் 1902-இல் இந்த இயல்பைத் தெளிவாக வகுத்தார். நல்ல கணக்கு என்றால் விடை இருக்க வேண்டும், ஒரே விடையாக இருக்க வேண்டும், தரவு சிறிதே மாறினால் விடையும் சிறிதே மாற வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் நினைவுக் கணக்குகள் விழுகின்றன. எவ்வளவு மோசமாக விழும் என்பதற்கு, ஹங்கேரியில் பிறந்த கொர்னேலியஸ் லான்சோஸ் 1956-இல் வெளியிட்ட ஓர் உதாரணத்தைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. காகிதமும் கால்குலேட்டரும் போதும், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

தளர்வு வளைகோட்டைப் பல அடுக்குக்குறித் தேய்வுகளின் கூட்டாக எழுதுவது வழக்கம். பிரான்சின் கஸ்பார் த ப்ரோனி 1795-இல் தொடங்கிவைத்த முறை இது, இன்றும் பொறியியல் மென்பொருட்களில் அவர் பெயரால்தான் கேட்கப்படுகிறது. லான்சோஸ் எடுத்துக்கொண்ட வளைகோட்டில் மூன்று தேய்வுகள் உண்டு: தேய்வு வீதங்கள் 1, 3, 5. முன்னிற்கும் எண்கள் முறையே 0.0951, 0.8607, 1.5576. இதற்கு எதிரே, இரண்டே தேய்வுகள் கொண்ட இன்னொரு வளைகோட்டை வைத்தார்: வீதங்கள் 1.58, 4.45, முன்னிற்கும் எண்கள் 0.305, 2.202. நேரம் பூஜ்யத்தில் முதலாவது 2.51, இரண்டாவதும் 2.51. அரை நொடியில் இரண்டும் 0.38. ஒரு நொடியில் இரண்டும் 0.09. இரண்டு தசம இடம் வரை அளக்கும் கருவிக்கு இந்த இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் ஒன்றுக்குள் மூன்று நினைவுகள், இன்னொன்றுக்குள் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுகூட முதல் மூன்றில் இல்லை.

சாம்பாரை மோந்து பார்த்து மல்லியும் மிளகாயும் பெருங்காயமும் இருப்பதைச் சொல்லிவிடலாம், ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று சொல்ல முடியாது. இங்கே அதுகூட இல்லை, எத்தனை பொருள் சேர்ந்திருக்கிறது என்பதையே சொல்ல முடியவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து உறுப்புகள் கொண்ட ப்ரோனித் தொடர் நான்கைந்து தசம இடங்களோடு வந்து விழும். வளைகோட்டோடு அச்சாகப் பொருந்தவும் செய்யும். அந்தப் பத்து எண்களையும் ரப்பரின் குணங்களாக எடுத்துக்கொண்டு, இந்தக் கலவையில் மூன்றாம் எண் ஏறியிருக்கிறது, அந்தக் கலவையில் ஏழாவது இறங்கியிருக்கிறது என்று ஒப்பிடத் தொடங்கினால், ஒப்பிடப்படுவது பெரும்பாலும் அளவீட்டின் இரைச்சல்தான். அளந்த நேர எல்லைக்குள் வளைகோட்டை நம்பலாம். தனித்தனி எண்களை நம்பக் கூடாது. பொறியியல் கல்லூரியில் இதை ஒரே ஒரு வகுப்பில் லான்சோஸின் கணக்கைப் போட்டுக்காட்டியே சொல்லிவிட முடியும். கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் தலைகீழ்க் கணக்கைப் போடவே முடியாதா? முடியும், கூடுதலாக ஏதாவது தெரிந்திருந்தால். சோவியத் கணிதவியலாளர் ஆந்திரே திகொனோவ் நிலத்தடிக் கனிமத் தேடலில் இதே சிக்கலைச் சந்தித்தார். 1963-இல் அவர் முன்வைத்த வழி, தரவோடு பொருந்துவதை மட்டும் கேட்காமல், விடை தேவையில்லாமல் நெளியக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்பது. இரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது? அளவீட்டின் பிழை எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் பொருந்தினால் போதும் என்பது ஒரு நல்ல விதி. அதற்கு மேல் நெருங்கிப் பொருந்தினால் இரைச்சலுக்குப் பொருத்துகிறோம் என்று அர்த்தம். இயற்பியல் தரும் கட்டுப்பாடுகளும் உதவுகின்றன. ரப்பரின் தளர்வு வளைகோடு இறங்க மட்டுமே செய்யும், எதிர்மறை எடை வராது, இறங்கும் வேகமும் குறைந்துகொண்டேதான் போகும். இவற்றை முன்கூட்டியே கணக்கில் கட்டிவைத்தால், பைத்தியக்கார விடைகளில் பெரும்பகுதி உள்ளேயே நுழையாது.

இன்னொரு உதவி வெப்பநிலையிலிருந்து வருகிறது. 1955-இல் வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி மூவரும் எழுதிய சமன்பாடு, பல பாலிமர்களில் குளிர்விப்பதும் வேகமாக அசைப்பதும் ஏறக்குறைய ஒன்றே என்பதை எண்ணாகச் சொல்கிறது. ஈரச் சாலையில் பிரேக் போடும்போது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் டிரெட் ரப்பரை நொடிக்குப் பல ஆயிரம் முதல் பல லட்சம் முறை வரை உலுக்கும். அந்த வேகத்தில் அசைக்கும் சாதாரண ஆய்வகக் கருவி கிடையாது. எனவே துண்டை 0 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, நொடிக்குச் சில முறை மட்டும் அசைத்து, அப்போது எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்று பார்க்கிறார்கள். அதிகம் வீணானால் ஈரச் சாலையில் பிடிமானம் நல்லது. அதே துண்டை 60 டிகிரியில் அசைத்தால் வீணாவது குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது உருளும்போது விழுங்கப்படும் டீசலைக் காட்டுகிறது. ஒரே நினைவுச் சார்பின் இரு முனைகளிடம் நேரெதிரான இரண்டு கோரிக்கைகள். ஈரப் பிடிமானம், உருள் தடை, உருளும் சத்தம் மூன்றுக்கும் இந்தியாவில் ஏஐஎஸ் 142 என்ற தரம் வகுக்கப்பட்டு, 2022-இல் அதைக் கட்டாயமாக்கும் அறிவிக்கையும் வந்துவிட்டதால், இந்த இழுபறி இன்று சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது.

கணிதவியலாளர்கள் இதற்கு அப்பாலும் போயிருக்கிறார்கள். ஆய்வகத் துண்டில் திரிபு எங்கும் ஒரே அளவு. உண்மையான டயரிலோ, தடித்த லாரி டயரின் தோள்பட்டைக்குள்ளோ வெப்பமும் திரிபும் இடத்துக்கு இடம் மாறும், உள்ளே கருவியைச் செருகவும் முடியாது. அப்போது தெரியாதவை இரண்டு: பொருளுக்குள் எல்லா இடத்திலும் உள்ள வெப்பநிலை, அதோடு நினைவுச் சார்பு. இரண்டும் தொகையீட்டுக்குள் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எனவே நேர்க் கணக்கு எளிய நேரியல் கணக்காக இருந்தாலும், தலைகீழாகத் திருப்பினால் நேரியல் தன்மை போய்விடுகிறது. இத்தாலியின் ஆல்ஃபிரெடோ லொரென்சியும் யூஜெனியோ சினெஸ்ட்ராரியும் 1988-இல் நினைவுள்ள பொருட்களின் தலைகீழ்க் கணக்கு பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை இத்துறைக்கு ஒரு தொடக்கப் புள்ளி. பொருத்தமான நிபந்தனைகள் இருந்தால், ஒரு கூடுதல் அளவீடு, உதாரணமாக ஓரிடத்தில் தொடர்ந்து எடுத்த அளவு, நினைவுச் சார்பை ஒரே விதமாகத் தீர்மானித்துவிடும் என்று நிறுவ முடிகிறது. சமன்பாட்டை வகையிட்டு, தெரியாத சார்பு தொகையீட்டுக்கு வெளியேயும் தலைகாட்டும்படி மாற்றுவது அந்த நிறுவலின் உயிர்நாடி. மேலே பார்த்த அதே வகையிடல்தான். தேற்றத்தில் வழுவழுப்பான தரவைக் கொண்டு அது பாதுகாப்பாக நடக்கிறது. தொழிற்சாலைத் தரவில் நடக்காது. ஒரே விடைதான் என்ற உறுதி, அந்த விடையைக் கையில் பிடித்துவிடலாம் என்ற உறுதியாகாது.

இனி கண்ணாடி. உருகிய தகரத்தின் மேல் மிதந்து தட்டையாகும் கண்ணாடி, அடுத்து லேர் எனப்படும் நீண்ட உலைக்குள் அளந்த வேகத்தில் குளிர்கிறது. காரின் பக்கக் கண்ணாடி, பின்கண்ணாடி என்றால் அதை 600 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாக ஊதித் திடீரெனக் குளிர்விப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகி, உட்பகுதி பின்னால் சுருங்குவதால், வெளியே அழுத்தத் தகைவும் உள்ளே இழுவைத் தகைவும் நிரந்தரமாகத் தங்குகின்றன. போலராய்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் போகும் காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள். சாய்ந்த வெயிலில் வரிசை வரிசையாக மங்கலான புள்ளிகள் தெரியும். காற்று ஊதிய துளைகளின் தடம் அது. அந்தக் கண்ணாடியின் வாழ்க்கையில் சில நொடிகள் மட்டுமே நடந்த ஒரு சம்பவம், காரின் ஆயுள் முழுக்க அதில் பதிந்திருக்கிறது.

அந்தத் தகைவைக் கணக்கிட இன்று உலகெங்கும் பயன்படும் மாதிரியில் ஒரு பெயர் உண்டு: ஓ.எஸ். நாராயணசுவாமி. ஃபோர்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தபோது 1971-இல் கண்ணாடியின் கட்டமைப்புத் தளர்வுக்கு அவர் தந்த மாதிரி, போல்ட்ஸ்மானின் அதே கூட்டல்தான், ஆனால் கடிகாரம் வேறு. சூடாக இருக்கும்போது கண்ணாடியின் உள்கடிகாரம் வேகமாக ஓடும், குளிரக் குளிர ஏறக்குறைய நின்றேவிடும். 1946-இல் ஆர்தர் டூல் தொடங்கியதை நாராயணசுவாமி நினைவுத் தொகையீடாக்கினார், பின்னர் கார்னீலியஸ் மொய்னிஹன் சேர்ந்துகொள்ள, மூவர் பெயரிலும் இப்போது அது வழங்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் கண்ணாடி குளிரும் உலைகள் இருக்கும்போது, இந்தப் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தகுதியானது.

கண்ணாடியின் நிலையை ஒற்றை எண்ணால் குறித்த டூல் மாதிரி ஏன் போதவில்லை என்பதை 1956-இல் ரிட்லண்ட் என்ற ஆய்வாளர் செய்த சோதனை காட்டியது. ஒரே வகைக் கண்ணாடியின் இரண்டு துண்டுகள். ஒன்றை ஒரே வெப்பநிலையில் வெகுநேரம் வைத்திருந்தார். மற்றதைச் சீரான வேகத்தில் குளிர்வித்தார். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டையும் முதல் துண்டு இருந்த அதே வெப்பநிலையில் வைத்தார். முதல் துண்டு அசையவில்லை. இரண்டாவதன் ஒளிவிலகல் எண் அங்கிருந்து விலகிப் போய், பிறகு திரும்பி வந்து சேர்ந்தது. அளவீட்டில் இரட்டையர்களாக இருந்த துண்டுகள் நடத்தையில் வேறு வேறு. ஒற்றை எண்ணைக் கொண்டு கடந்தகாலத்தைப் படிக்க முயன்றால் எங்கே தோற்போம் என்பதை ஒரு கண்ணாடித் துண்டு செய்து காட்டிவிட்டது. உடைந்த கண்ணாடியின் தகைவை அளந்து அது உலையில் எப்படிக் குளிர்ந்தது என்று சொல்லச் சொன்னால், சராசரியாக எவ்வளவு வேகம் என்று சொல்லலாம். நொடிக்கு நொடி நடந்ததைச் சொல்ல முடியாது, வெவ்வேறு பாதைகள் ஒரே தகைவில் வந்து முடியக்கூடும்.

ரப்பருக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, அசைவின் அளவு. கார்பன் பிளாக் கலந்த ரப்பரை முதல் தடவை இழுக்கும்போது இருக்கும் விறைப்பு இரண்டாம் தடவை இருக்காது. அதை முல்லின்ஸ் விளைவு என்கிறார்கள். எவ்வளவு தூரம் அசைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் விறைப்பு இறங்குகிறது, அது பெய்ன் விளைவு. ஆக, நினைவுச் சார்பு அசைவின் அளவைப் பொறுத்தும் மாறுகிறது. இதனால்தான் ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரே வீச்சில் அசைக்க வேண்டும், அந்த வீச்சை அறிக்கையில் எழுதவும் வேண்டும். வீச்சு எழுதப்படாத அளவீட்டை வைத்து இரண்டு காம்பவுண்டுகளை ஒப்பிட முடியாது.

இரண்டாவது தொல்லை முதுமை. இதுவரை சொன்ன கணக்குகள் எல்லாம் ஒரு சம்பவத்துக்குப் பின் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை மட்டும் பார்ப்பவை. ஓடும் டயரில் ஆக்சிஜனும் வெப்பமும் ரப்பரின் குறுக்குப் பிணைப்புகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மூன்றாம் ஆண்டின் நினைவுச் சார்பு முதல் ஆண்டினுடையது அல்ல. அப்போது தேட வேண்டிய சார்பு, சம்பவம் நடந்த நேரம், அளக்கும் நேரம் என்று இரண்டு மாறிகளைக் கொண்டது. ஒரு மாறியின் சார்பை ஒரு வளைகோட்டிலிருந்து மீட்கவே இவ்வளவு பாடு என்றால், இரண்டு மாறிகளின் சார்பை ஒரு வளைகோட்டிலிருந்து மீட்கவே முடியாது. அதற்கு ஒரே கலவையிலிருந்து ஒரே நாளில் க்யூரிங் செய்த துண்டுகள் நிறைய வேண்டும். சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருட்டறையிலும் வைத்து, ஒவ்வொரு வயதிலும் புதிதாக ஒன்றை எடுத்து, அதே வெப்பநிலையில், அதே வீச்சில், அதே வேகத்தில் இழுத்து அளக்க வேண்டும். அலமாரியில் எடுக்காமல் விட்ட துண்டுகளுக்கும் அதே காலத்தில் வயதாகிக்கொண்டிருக்கும். எனவே அடுத்த ஆண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்பதை முதல் துண்டை அளப்பதற்கு முன்பே கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும்.